கதிர்காமநாதனின் தலைப் பங்கு

கதிர்காமநாதன் அண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை. அப்பிள், திராட்சை, கோயில் திருநீறு, கொழும்பிலிருந்து வந்த பழைய பத்திரிகை என்று ஏதாவது இருக்கும். படியேறிய களைப்பில் மூச்சு வாங்கியபடி உள்ளே வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, "எப்பிடி அண்ணை சுகம்?" என்று கேட்பார்கள். ஹோம்புஷ் ரெயில் நிலையத்துக்குக் கிட்ட, லிஃப்ட் இல்லாத செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், சில்லுக் கதிரையில் இருக்கும் மனிதரிடம் இது என்ன கேள்வி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மட்டும் சிரித்தபடி, "பரவாயில்லை" என்பார்.

கால் நடந்த நாளில் எடுத்த வீடு அது. எழுபத்து நாலில் சிட்னிக்கு வந்து, கட்டட நிறுவனம் ஒன்றில் படம் வரையும் வேலையில் சேர்ந்து, மனைவி இரஞ்சிதம் அக்காவையும் கூப்பிட்டு எடுத்தார். அடுத்த வருசமே பரமட்டா வீதியில் பின்னால் வந்த லொறி அவருடைய காரை நசுக்கிவிட்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. நிறுவனத்தார் படங்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். அக்கா பிஸ்கற் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அண்ணை ஜன்னலோரத்தில் பலகையை மடியில் வைத்து, தான் ஒருநாளும் உள்ளே போகப்போகாத கட்டடங்களுக்கு மாடிப்படி வரைந்துகொண்டிருந்தார்.

நிலத்தோடு உள்ள ஒரு வீட்டுக்கு மாறலாம் என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். எங்கள் கூட்டத்தில் முதல் ஆளான டொக்டர் தேவராஜா விடவில்லை. "நாங்கள் இவ்வளவு பேர் இருக்கேக்கை நீங்கள் ஏன் வீடு தேடி அலையோணும்? தூக்கமாட்டமே?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் டொக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கைகளைக் கோத்து அதில் அண்ணையை இருத்திக் கீழே இறக்குவோம். அவர் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய், கொஞ்சம் வெயிலும் காற்றும் வாங்கி வருவார். பின்னேரம் அதே கைகளில் மேலே ஏறுவார். மற்ற நாட்களில் அவருடைய உலகம் அந்த ஜன்னல்தான்.

தேவராஜா நல்ல மனுசன். எனக்கு அவர்மேல் எரிச்சல் வருவதற்கு அதுவேதான் காரணம். கெட்டவனாக இருந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிடலாம். நல்லவனை என்ன செய்வது?

ஆட்கள் கூடினால் அண்ணையிடம் வன்னிக் கதை கேட்பார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மாங்குளம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் அவர் பெரிய வேட்டைக்காரர். நான் முட்டைகூடத் தொடாத சைவக்காரன், கதையில் பாதி எனக்கு ஒவ்வாது. ஆனாலும் எழுந்து போகமாட்டேன். கதை சொல்லும்போதுதான் அந்த மனிதர் கதிரையில் இருப்பது மறந்துபோகும்.

"கோடையிலே குளம் வத்தி ஒரு மூலையிலே தண்ணி கிடக்கும்," என்று தொடங்குவார். "காத்து வாற பக்கம் பாத்து மறைப்புக் கட்டி இருப்பம். வாற மிருகத்தை முதல்லை குடிக்க விடோணும். குடிச்சிட்டுத் திரும்பேக்கைதான் வெடி. அதுக்குப் போற வழி திறந்து கிடக்கோணும். தப்பி ஓடினால் அது அதின்ர கெட்டித்தனம்."

பங்கு பிரிப்பதையும் விடமாட்டார். மறைப்புக்குத் தடி வெட்டினவன் வரைக்கும் எல்லோருக்கும் சமபங்கு. தலை மட்டும் சுட்டவனுக்கு. "அதை நாங்கள் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டம். கேக்கவும் மாட்டாங்கள்," என்பார்.

எழுபத்தெட்டுக் குளிர்காலத்தில் ஒருநாள், கதை முடிந்த கையோடு, "தண்ணிக் கரையிலே இருந்து சுடுறதுக்குக் கால் என்னத்துக்கு?" என்று கேட்டார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். கால் போனது போதாதா, இன்னும் உயிர்ப்பாவம் வேண்டுமா என்றார் ஒருவர். அதே மனிதர் போகும்போது, பன்றி கிடைத்தால் தனக்கும் ஒரு பங்கு என்று வாசலில் நின்று சொன்னார். இரஞ்சிதம் அக்கா மட்டும், "அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒண்டு இதுதான். வேட்டைக்குப் போட்டு வரட்டும்," என்றார்.

டொக்டர் முன்பு நிங்கன் பக்கத்து நாட்டுப்புற ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே றெக்ஸ் என்ற பண்ணைக்காரர் அவருக்கு நல்ல பழக்கம். காட்டுப்பன்றிகள் நிலத்தைக் கிண்டி நாசமாக்குவதால் யார் வந்து சுட்டாலும் றெக்ஸுக்குச் சந்தோசம்தான். டொக்டரே ஒரு திட்டமும் போட்டார். "உங்களை றெக்ஸின்ர யூட்டிலே, அந்தச் சின்ன லொறியிலே, ஏத்தி வைச்சிருப்பம். பண்டியைக் கலைச்சுக் கொண்டுவந்து முன்னாலே விடுவம். நீங்கள் விசையை இழுத்தால் சரி."

அண்ணை கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டொக்டர், என்னைத் தூக்குங்கோ. மறைப்புக் கட்டித் தாங்கோ. துவக்கு வைக்க ஒரு கவைத்தடி நட்டுத் தாங்கோ. அதெல்லாம் எனக்குச் செய்யிற உதவி, நான் வாங்கிறன். பண்டிக்கு ஒண்டும் செய்யாதேங்கோ. அதின்ர வழியை அடைச்சு எனக்கு வசதி தரவேண்டாம். என்ர கால் போனதுக்கு அது என்ன செய்தது?"

"ஓம், ஓம். எல்லாம் உங்கட சட்டப்படிதான்," என்று டொக்டர் அவருடைய தோளைத் தட்டினார்.

என்னிடம் ஸ்டேஷன் வாகன் இருந்தது. சில்லுக் கதிரையை மடித்துப் பின்னால் போடலாம். அதனால் இந்தச் சைவக்காரனும் வேட்டைக்குப் போனேன். டொக்டரும் சிவபாலனும் இன்னொரு காரில் வந்தார்கள். சிவபாலன் டொக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள். றெக்ஸின் நிலம் காய்ந்து, கண்ணுக்கு எட்டும் வரை மண்ணிறமாகக் கிடந்தது. மாட்டுக்கு மழைநீர் தேக்கிய குட்டை ஒன்றின் கரையில் அண்ணை சொன்னபடியே மறைப்புக் கட்டினோம். வலது பக்கம் கம்பி வேலி, மற்றப் பக்கங்கள் வெளி. காற்று வரும் திசையை விரலை நனைத்துப் பார்த்து, கதிரையை இரண்டு தடவை இடம் மாற்றச் சொன்னார். றெக்ஸோடு நிலத்தைச் சுற்றிப் பார்த்து வருகிறோம் என்று மற்ற இருவரும் போனார்கள். இருமக்கூடாது என்ற நிபந்தனையோடு நான் அண்ணைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

வெயில் சாய்ந்தது. சாம்பலும் இளஞ்சிவப்புமான கிளிகள் கூட்டமாக இறங்கிக் கத்திவிட்டுப் போயின. இரண்டு கங்காருக்கள் வந்து, குனிந்து குடித்து, எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அண்ணை துவக்கைத் தொடவே இல்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெறும் கையோடு திரும்பினாலும் இந்தப் பயணம் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் பன்றி வந்தது. வேலியோரமாக, தலையைத் தாழ்த்தி, ஒரே ஓட்டமாக ஓடி வந்தது. குட்டை இருந்த பக்கம் அது திரும்பவே இல்லை. கவைத்தடியில் துவக்கு ஏறியதுதான் எனக்குத் தெரியும். ஒரே வெடி. பன்றி முன்னங்காலில் மடிந்து விழுந்தது.

அடுத்த நிமிடமே டொக்டரும் சிவபாலனும் கை தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். "ஒரே வெடி! பாத்தியளே, ஒரே வெடி!" என்று டொக்டர் அண்ணையைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

வயிறு திறப்பது சுட்டவனுடைய வேலை. றெக்ஸ் தன்னுடைய யூட்டின் பின்பலகையை இறக்கி, கதிரையில் இருந்தே கை எட்டும்படி பன்றியைக் கிடத்தினார். அண்ணை கத்தியை எடுத்து வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. பன்றியின் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார். நான் மற்றப் பக்கம் பார்த்தபடி நின்றேன்.

திரும்பும் வழியில், சிட்னிக்கு முன்னால் வரும் மலையின் அடிவாரத்தில் அவர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, "சிறி, அந்தப் பண்டி கூட்டிலே கிடந்தது," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கம்பிக் கூட்டுக்குள்ளை கோதுமை போட்டுப் பண்டி பிடிக்கிறவங்கள். அந்தக் காய்ஞ்ச நிலத்திலே கோதுமை எங்கை இருக்கு? வயிறு நிறைய முழுக் கோதுமை. மூக்குத் தோல் கம்பியிலே இடிச்சு இடிச்சு உரிஞ்சு போயிருக்கு. பிடிச்சு வைச்சு, நான் இருக்கிற நேரம் பாத்து வேலியோரமாத் திறந்து விட்டிருக்கிறாங்கள்."

எனக்கு இரத்தம் கொதித்தது. முன்னால் போகும் டொக்டரின் காரை மறித்து நிறுத்திக் கேட்கப் போகிறேன் என்று அக்சிலரேற்றரை மிதித்தேன்.

"மெதுவாப் போம். இன்னும் ஒண்டு இருக்கு," என்றார். "தண்ணிக்கு வாற பண்டி ஓடி வராது, மணந்து மணந்து வரும். அது ஓடி வரேக்கையே எனக்குத் தெரியும், ஆரோ திறந்துவிட்டிருக்கிறாங்கள் எண்டு. தெரிஞ்சுதான் வெடி வைச்சனான்."

"ஏன் அண்ணை?"

அவர் தன்னுடைய கையை மடியில் விரித்துப் பார்த்தார். "என்ர கையாலே ஒண்டு நடந்து எவ்வளவு காலம் தெரியுமே?" என்றார். நான் அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்தேன்.

கொஞ்சத் தூரம் போனபின், "டொக்டருக்கு இதைச் சொல்லோணும்," என்றார். "சொல்லாட்டி வருசா வருசம் எனக்காக ஒண்டைப் பிடிச்சு அடைச்சு வைப்பாங்கள். நானும் சுடுவன். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மறுநாள் விருந்து. அந்தச் சின்ன ஃபிளாட்டில் கதவு வரைக்கும் சனம். குசினியில் இரஞ்சிதம் அக்கா தூள் போட்டுப் பிரட்டிய இறைச்சி வாசம் கட்டடம் முழுக்கப் போயிருக்கும். நான் பருப்போடு ஒரு மூலையில் இருந்தேன். பங்கு பிரிக்கும் நேரம் அண்ணை எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். தலை பொதிந்த பார்சலை இரண்டு கையாலும் தூக்கி டொக்டரிடம் நீட்டினார்.

"இது உங்கட பங்கு டொக்டர். சுட்டவனுக்குத்தான் தலை."

சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்தேன். அண்ணையும் கண் இமைக்காமல் டொக்டரையே பார்த்தபடி இருந்தார்.

டொக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. "கேட்டியளே? ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன் எண்ட பங்கை எனக்குத் தாறார்!" என்று பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வீடு அதிரக் கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் டொக்டர், இனி ஒவ்வொரு குளிர்காலமும் வேட்டை உண்டு, செலவெல்லாம் தன்னுடையது என்று அறிவித்தார். யாரோ சீட்டியடித்தார்கள். சில்லுக் கதிரையைச் சுற்றி இவ்வளவு அன்பு நிற்கும்போது அதைத் தள்ளிக்கொண்டு எந்தப் பக்கத்தால் வெளியே போவது?

நான் புறப்படும்போது அண்ணை என் கையைப் பிடித்தார். "கைக்குச் சொல்லத் தெரியேல்லை. சனிக்கிழமை வாயாலே சொல்லுறன்."

சனிக்கிழமை வந்தது. டொக்டர் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டார். இருவரும் கைகளைக் கோத்தோம். அண்ணை ஒரு கையை என் கழுத்திலும் மறு கையை அவர் கழுத்திலும் போட்டுக்கொண்டார். முதல் படிவரிசை இறங்கி, திருப்பத்தில் டொக்டர் மூச்சு வாங்க நின்றார்.

"கதிர் அண்ணை, தலை என்ன ருசி தெரியுமே! மனுசி கேக்கிறா, அடுத்தது எப்ப எண்டு. றெக்ஸோடை கதைச்சிட்டன். அவன் இனிப் பெரிசாப் பாத்து வைப்பான்." சொன்ன பிறகுதான் வாய் தவறியது அவருக்கே உறைத்தது. "பாத்து வைக்கிறது எண்டால்... பண்டி நடமாடுற இடத்தைச் சொல்லுறன்," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "வருவியள்தானே?"

அண்ணையின் கை என் கழுத்தில் இறுகியது. இப்போது சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கீழே இரண்டு படிவரிசை மிச்சம் இருந்தது. டொக்டரின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"ஓம் டொக்டர், வாறன்," என்றார் அண்ணை.

கீழே வந்து கதிரையில் இருத்தினோம். டொக்டர் காரைக் கொண்டுவரப் போனார். நான் அண்ணைக்கு முன்னால் குந்தி, எரிச்சலை அடக்க முடியாமல், "இப்பதான் கீழை வந்தாச்சே அண்ணை. இப்பவாவது சொல்லலாமே," என்றேன்.

அவர் குனிந்து, உணர்ச்சியில்லாத காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கதிரையின் கால் வைக்கும் பலகையில் வைத்தார்.

"பின்னேரம் திரும்ப மேலை ஏறோணும் தம்பி," என்றார்.