லாபம், ரெண்டு, மூணு

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னாலே எனக்குக் கோபம் வரும். மரக்காணத்தில் உப்பு ஏற்றி அனுப்பும் அலுவலகத்தில் என்னை அதே வேலையை நாற்பத்திரண்டு முறை செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு உப்பளத்துக்கும் டேட்டாபேஸில் ஒரு ப்ரொசீஜர். அதாவது, அங்கிருந்து வரும் லாரி நடைகளைச் சரிபார்த்துப் பதிந்துகொள்ளும் சிறு நிரல். அளத்தின் பெயரும் மூட்டை எடையும் தவிர எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். ஒரு வரி மாறினாலும் நாற்பத்திரண்டையும் திறந்து திருத்த வேண்டும்.

பொறுக்க முடியாமல் எக்ஸ்எம்எல்லில் ஒரே ஒரு டெம்ப்ளேட் எழுதினேன். மாறுகிற இடங்களைக் காலியாக விட்டு, அவற்றை நிரப்ப அளங்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தேன். பொத்தானைத் தட்டினால் அத்தனை ப்ரொசீஜரும் தானாக எழுதப்பட்டுவிடும்.

மேலாளர் சிரித்தார். "மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதையால்ல இருக்குது! சரி, திங்கக்கிழமை ஓட்டிப் பாரு. ஓடலைன்னா பழையபடி கையாலயே எழுதிக்கலாம்."

எழுதப்போவது என் கைதானே, அவருக்கென்ன!

திங்கள் காலை முதல்முறையாக அளத்து மேஸ்திரிகளே தங்கள் போனில் தட்டி நடைகளைப் பதிந்தார்கள். அதுவரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் நாங்கள் தட்டுவோம். இரண்டாவது நடை, மூன்றாவது நடை எல்லாம் ஒழுங்காக ஏறின. எல்லா அளத்திலும் முதல் நடை மட்டும் பிழை என்று திரும்பி வந்தது. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

திரும்பி வந்ததில் ஒன்றைத் திறந்தேன். நடை எண் இருக்க வேண்டிய இடத்தில் 'லாபம்' என்று இருந்தது. அந்த அளத்து மேஸ்திரியம்மாவுக்கு போன் போட்டேன்.

"என்னக்கா, நம்பர் போடச் சொன்னா லாபம்னு போட்டிருக்கீங்க?"

"மொத நடையை வேற என்னன்னு சொல்லுவாங்க? ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுடாதா? லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவோம்."

அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். காதில் விழுந்த லாபத்தை எங்கள் கைதான் சத்தமில்லாமல் ஒன்று ஆக்கிவந்திருக்கிறது.

"எல்லாரையும் ஒண்ணுன்னு போடச் சொல்லிடு," என்றார் மேலாளர்.

"எதுக்குங்க? அவங்க சரியாத்தான் எண்ணுறாங்க. நான் மாத்துறேன்."

"நாப்பத்திரெண்டுலயுமா? லாரி நிக்குதும்மா!"

டெம்ப்ளேட்டில் ஒரே வரி சேர்த்தேன்: லாபம் என்று வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள். பொத்தானைத் தட்டினேன். அவர் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் புதிய ப்ரொசீஜர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. முதல் நடைகளை மறுபடி அனுப்பினேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன், வெட்கப்படவும் இல்லை.

மேலாளருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "எல்லாத்துலயும் மாறிடுச்சா? நாப்பத்திரெண்டும் இருக்குதா?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார்.

"லாபம், ரெண்டு, மூணு..."