ஈஸ்டருக்குப் பயந்த வீடு

"ஒங்க வீட்டுக்காரரு மாலைய எப்ப கழட்டுவாரு?" என்று பார்வதி அக்கா கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவர். இதே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே கொழுந்து பறிப்பவர். என் கணவர் சவரியின் கழுத்தில் மாலை ஏதும் இல்லை. "நாங்க மாலை போடுறதில்லக்கா, இது தவக்காலம்" என்றேன். "அதான்லா கேக்குறேன். எங்க வீட்டுலயும் தைப்பூசத்துக்கு மாலை போட்டா ஒரு சொட்டு தொடமாட்டாரு. கழட்டுற அன்னிக்கி இருக்கு." சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல்விட்டு எண்ணினேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, கல்யாணமாகிக் கடல் தாண்டி இந்த மலைக்கு வந்தவள். சவரி இந்த ஊர்க்காரர். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் லோரி ஓட்டுகிறார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பட்டதும் குடியை நிறுத்திவிடுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வருவார், தேத்தண்ணி கேட்பார், குழம்பில் உப்பு எங்கே என்று தேடிக் கேலி செய்வார். எனக்கு வாய்த்தவர் இவர்தான் என்று அந்த நாற்பது நாளும் நம்பிவிடுவேன். ஈஸ்டர் அன்று வேறொருவர் வந்துவிடுவார். போன ஈஸ்டருக்கு மறுநாள், பிரிஞ்சாங் தாண்டி ஒரு வளைவில், அவர் குடித்துவிட்டு ஓட்டிய லோரியின் முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. முட்டைக்கோசெல்லாம் உருண்டு போயிற்று, அவர் போகவில்லை. அடுத்த தடவையும் அப்படித் தப்புவார் என்று யார் சொல்வது?

நான் பிறந்த ஊரிலும் இதே கதைதான். தவக்காலம் முழுக்கக் கடற்கரை அடங்கிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் என் அப்பா முழந்தாளில் நின்று அழுவார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஈஸ்டர் காலையில் தெருவே வெடி போடும், வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி வேகும். எங்கள் அம்மா மட்டும், அப்பா குடித்துவிட்டு வருவதற்குள், அரிவாள்மனையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். ஆண்டவர் உயிர்த்த நாளில் நாங்கள் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடப்போம். கடல் தாண்டினால் இதெல்லாம் அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோவிலில் மாதா, ஆண்டவர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா, அம்மா வீட்டுப் படத்தையும் மூடுவாள். நானும் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, எங்கள் திருஇருதய ஆண்டவர் படத்தை மூடுகிறேன். ஈஸ்டர் காலையில் சவரிதான் அதை எடுப்பார். அதற்குப் பிறகுதான் முதல் பீர். இந்த வருடம் மூடும்போது, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். ஆண்டவரே, இந்த முறை நீர் எழுந்து வரவேண்டாம். கேட்டவுடன் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனாலும் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் அன்று தானா ராத்தா கோவிலில் பூசை முடிந்து வந்தோம். கோழிக்கறி அடுப்பில் இருந்தது. வாசலில் சவரியின் குடிக் கூட்டாளி மோட்டார் சைக்கிளை அணைக்காமலே ஹாரன் அடித்தான். நான் காய் நறுக்கும் கத்தியைத் துடைத்து அரிசி டின்னுக்குள் செருகினேன். சவரி படத்தின் முன்னால் நின்று துணியின் நுனியைப் பிடித்தவர், அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"கத்திய எதுக்கு அதுல வைக்கிற?"

"பயமா இருக்கு" என்றேன். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மறுபடி ஹாரன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இது இருக்கட்டும்லா. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று நுனியை விட்டார். வாசலுக்குப் போனார். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். மோட்டார் சத்தம் மலையிறங்கித் தேய்ந்த பிறகு, அவர் மட்டும் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாளும் "நாளைக்கு" என்றார். அதற்கு மறுநாளும். இன்னும் சாயங்காலம் லோரிச் சத்தம் கேட்கும்வரை அடுப்புக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். "மாலை கழட்டலயா?" என்று பார்வதி அக்கா கேட்டார். "இன்னும் இல்லக்கா" என்றேன்.

நேற்று அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் தலைக்குப் பின்னால் ஆண்டவர் சீரியல் பல்பு வெளிச்சத்தில் இருந்தார். திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், என் தலைக்குப் பின்னால் ஊதாத் துணி. ஒரே ஆண்டவர்தான், அம்மா வீட்டில் எழுந்துவிட்டார், என் வீட்டில் எனக்காக இன்னும் கல்லறையில் இருக்கிறார்.

"ஏட்டி, ஈஸ்டர் போயி எவ்வளவு நாளாச்சு, துணிய எடுக்கலியா?"

"இங்க இன்னும் தவக்காலம்மா."

அம்மா துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடக்கட்டும்" என்றாள். "ஆண்டவர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."