உலைவாயும் ஒரு சீட்டுக்கட்டும்

ஆலைகளில் ஆட்கள் விவகாரம் பார்த்து ஓய்வு பெற்ற பர்சனல் அதிகாரிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போடலாம். இல்லையென்றால் உள்விசாரணை அதிகாரியாகப் போகலாம். ஓர் ஆலை தன் தொழிலாளியை வேலையை விட்டு அனுப்ப விரும்பினால் நேரே அனுப்பிவிட முடியாது. வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்த வெளியாள் நான். காக்களூரில் என் வீட்டு வாசலுக்கே நிர்வாகம் கார் அனுப்பும். என்ன முடிவு வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியபாளையத்தில் நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கித் தரும்படி டிரைவரிடம் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அன்று போனது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலைக்கு. வாசலில் பெரிய பேனர்: 'வீ வில் பவுன்ஸ் பேக்'. போன ஆண்டு நஷ்டமாம். பந்து போலத் துள்ளி எழப்போகிறார்களாம். ஆங்கிலத்தில் விழுகிறவர்கள் எல்லாரும் ரப்பரால் செய்யப்பட்டவர்கள். நம் ஆட்கள் விழுந்தால் முதலில் முட்டியைத் தேய்த்துக்கொள்வார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் உலையில் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குடும்பம். படகை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள். சாப்பாட்டு நேரத்தில் ஆலை வளாகத்துக்குள் சூதாடினார் என்பது குற்றச்சாட்டு. நிலையாணைகள் என்னும் ஆலை விதிகளின்படி வேலையே போய்விடக்கூடிய ஒழுங்கீனம் அது. தடயமாக ஒரு சீட்டுக்கட்டை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கொலைக் கத்திக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

நிர்வாகத் தரப்பு சாட்சி, மனிதவள மேலாளர். என் மகனைவிடச் சின்னவர். தமிழ் நன்றாகவே தெரியும், ஆனாலும் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில்தான் தருவேன் என்றார். தாராளமாகத் தரலாம். ஆனால் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அதை வரிக்கு வரி வாசித்துக் காட்டி, சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மேலாண்மைப் படிப்பில் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

அவருடைய ஆங்கிலம் சூதாட்ட மேசையிலிருந்து நேரே எழுந்து வந்த ஆங்கிலம். நான் எழுதிக்கொண்டேன். பிறகு தமிழில் வாசித்தேன்.

"நிர்வாகம் ஒரு வெளிநாட்டு ஆர்டர் மேல் பெரிய பந்தயம் கட்டியது. பகடை எங்களுக்குச் சாதகமாக விழவில்லை. கையில் இருக்கும் சீட்டை வைத்துத்தான் இனி ஆட வேண்டும். இந்த ஆண்டு எல்லாவற்றையும் வைத்து ஆடுகிறோம். இப்படிப்பட்ட நேரத்தில் ஆலைக்குள் சூதாட்டத்தை அனுமதிக்க முடியாது."

தொழிலாளி என்னைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தார்.

மேலாளர் முகம் சிவந்தது. அதெல்லாம் சும்மா ஒரு பேச்சு வழக்கு, எடுத்துவிடுங்கள் என்றார். சாட்சி சொன்னதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் விளக்கம் சேர்க்கலாம் என்றேன். தொழில் நடத்துவதே ஒருவகைச் சூதுதான் என்ற பொருளில் சொன்னதாக விளக்கம் சேர்த்தார். அதையும் வாசித்துக் காட்டினேன்.

குறுக்கு விசாரணையில், தொழிலாளிக்கு உதவியாக வந்திருந்த சக தொழிலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க கட்ன பந்தயம் ஆலைக்குள்ள கட்னதா, வெளிய கட்னதா சார்?"

வழக்குக்குத் தொடர்பில்லாத கேள்வி என்று மறுத்தேன். கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்று இரண்டையும் எழுதிக்கொண்டேன். அதுதான் முறை.

மதியச் சாப்பாட்டின்போது மேலாளர் மனம்விட்டுப் பேசினார். ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டுமாம். அந்த ஆள் மாட்டிக்கொண்டது வெறும் 'லக் ஆஃப் தி ட்ரா', குலுக்கலில் அவர் பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதானாம். வேறு எங்காவது துள்ளி எழுந்துவிடுவார் என்று ஆறுதலும் சொன்னார். ஆறுதல் சொல்ல வேண்டிய ஆள் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் தொழிலாளியின் முறை. சீட்டு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். எதை வைத்து ஆடினீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டம்லாம் இல்ல சார். திங்கக்கெழம காலைல ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்போம். கம்மி வந்தவன் அந்த வாரம் ஃபர்னஸ் வாய் கிட்ட நிக்கணும். மத்தவனுங்கோ தள்ளி நிப்பானுங்கோ."

"பணம்?"

"டப்பெல்லாம் கெடையாது சார். அங்க நின்னா மூஞ்சி வெந்துபூடும். எவன் போய் நிக்கறது? சூப்பர்வைசர் கைல வுட்டா அவுரு மச்சான் ஒரு நாளும் நிக்க மாட்டான். சீட்டுக்கு மச்சான் கெடையாது பாருங்க."

அன்று மட்டும் ஏன் சாப்பாட்டு நேரத்தில் என்றேன். காலையில் எடுத்த சீட்டில் அந்த மச்சானுக்கே குறைந்தது வந்துவிட்டதாம். ஒத்துக்கொள்ளாமல் திரும்ப எடுக்கச் சொல்லி அடம் பிடித்திருக்கிறார். திரும்ப எடுத்தபோதும் அவருக்கே வந்திருக்கிறது. அதன் பிறகுதான் ஆலைக்குள் சூதாட்டம் நடப்பது சூப்பர்வைசரின் கண்ணில் பட்டிருக்கிறது.

சூது என்றால் மதிப்புள்ள ஏதாவது ஒன்றைப் பணயம் வைத்திருக்க வேண்டும். இங்கே பணயம் வைத்தது வெயிலைவிட மோசமான ஒரு வெப்பத்தைத்தான், அதை யாரும் ஜெயித்து வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஆகவே குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது பெரியபாளையத்தில் கார் நிற்கவில்லை.

என் முடிவை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காரணம் எழுதி மறுக்கலாம். ஆனால் மறுத்தால் கோப்பு முழுவதும் நிர்வாக இயக்குநரின் மேசைக்குப் போகும், மேலாளரின் வாக்குமூலம் உட்பட, இரண்டு மொழிகளிலும். பந்தயம் கட்டித் தோற்ற கதையைத் தன் கையெழுத்தோடு முதலாளிக்கு அனுப்ப அவர் விரும்பவில்லை. விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருந்த தொழிலாளியைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆலையிலிருந்து எனக்கு அதற்குப் பிறகு கார் வரவில்லை. தண்ணீர் மோட்டார் விவகாரத்தில் கவனம் செலுத்த நேரம் கிடைத்தது.

ஒரு நாள் அந்தத் தொழிலாளி போன் செய்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"சார், சீட்டு வேணாம்னு தொடப்பக்குச்சி ஒடச்சி எடுக்கறோம். குட்ட குச்சி வந்தவன் ஃபர்னஸ் கிட்ட. நெலையாணைல குச்சி பத்தி இன்னா போட்டுக்கீது?"

ஒன்றும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன் என்றேன். இந்த வாரம் யார் என்று கேட்டேன்.

"நான்தான் சார். மொத வாரமே எனக்கு வந்துச்சு. சரி, வெக்கறேன், ஷிஃப்டுக்கு மணி அடிச்சிட்டான்."