தட்டிவிட்ட வெல்லத் தண்ணீர்

தொண்ணூற்றெட்டாம் வருடம், மே மாதம். திருச்சியிலிருந்து நானும் கணவரும் லீவுக்காக புனே தாபோடியில் இருந்த என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அதற்குச் சற்று முன்புதான் அவருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை, நடை, வாய்க்கட்டு. ஊர் மாறினாலும் இது மாறக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தங்கை வீட்டில் எல்லோரும் மாம்பழச் சாற்றில் பூரியைத் தொட்டுச் சாப்பிட, என்னவர் மட்டும் சப்பாத்தியைப் பிய்த்தபடி என் முகத்தைப் பார்ப்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் விடமாட்டேன்.

காலையில் எழுந்ததும் மாத்திரை, உடனே நடை, திரும்பி வந்துதான் டிபன். இது நானாகச் செய்த ஏற்பாடு. ஒருநாள் காற்று சிலுசிலுவென்று இருக்கவே, பேசிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டோம். திரும்பும் வழி பிடிபடவில்லை. தெருத்தெருவாகச் சுற்றும்போது திடீரென்று அவர் பேச்சு நின்றது. சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. ஒரு வீட்டு வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று உலுக்கினேன். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

என் சத்தம் கேட்டு அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். மராத்திக்காரி, என் வயதுதான் இருக்கும். என்னவரை ஒரு பார்வை பார்த்தவள், உள்ளே ஓடி வெல்லம் கரைத்த தண்ணீரோடு வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நஹி, நஹி! ஷுகர், ஷுகர்!" என்று கத்திக்கொண்டே அவள் கையைத் தட்டிவிட்டேன். பாதித் தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது.

அவள் கோபப்படவில்லை. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, "மேரே பதி கோ பீ ஷுகர் ஹை, தீதி" என்றாள். 'அக்கா, என் கணவருக்கும் சர்க்கரை நோய்தான்' என்கிறாள் என்று எனக்கிருந்த அரைகுறை இந்திக்கே புரிந்தது. விலகி வழிவிட்டேன். மீதித் தண்ணீரை அவளே மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் என்னவர் என்னைப் பார்த்து, "ஏன் அழுவுறே?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிறகு சூடாக அவல் உப்புமா கொடுத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இவ்வளவு தூரம் நடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று இந்தியும் சைகையுமாகப் புரியவைத்தாள். அவள் கணவர் எங்களை வீடுவரை கொண்டுவந்து விட்டார். லீவு முடியும்வரை அவரும் என்னவரும்தான் காலையில் ஜோடியாக நடந்தார்கள், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு.

அன்று அந்தப் பெண், 'நல்லது செய்ய வந்தால் அடிக்கிறாளே' என்று கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தால், யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. நனைந்த புடவையோடு அவள் அங்கேயே நின்றதால்தான், "என்னங்க" என்று கூப்பிட எனக்கு இன்றும் ஒருவர் இருக்கிறார்.