தட்டினால் விட்டுவிட வேண்டும்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் கந்தப்பனுக்கு, டிவியில் ரெஸ்லிங்கைப் போல நடுக்கம் கொடுக்கிற நிகழ்ச்சி வேறு கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அதைத்தான் போடுவார். நாற்பத்தொன்பது வயது ஆள், தலையணையை மடியில் அமுக்கிக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே வேர்த்து வடிவார்.

"அத்தனையும் டிராமாங்க. டிராமாவுக்கு ஏனுங்க இப்படி வேர்க்குது?" என்று கேட்டுச் சிரிப்பாள் அவர் மனைவி தெய்வாத்தாள்.

டிராமா என்று தெரியாமலா இருக்கிறது? யார் ஜெயிப்பது என்று பேசி வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறார்கள் என்பது பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். ஜெயிப்பதைப் பார்க்கிறவன் பார்க்கட்டும், கந்தப்பன் பார்ப்பது கைகளை. மாமிச மலை மாதிரி ஒருவன், இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கித் தலைகீழாகப் போடுகிறான். அந்த நொடியில் தூக்கியவனின் கை விழுகிறவனின் கழுத்துக்கு அடியில் போகிறதா இல்லையா? போகும், போயாக வேண்டும். அவ்வளவு நேரம் கண்ணை உருட்டித் திட்டினவன்தான் அந்தக் கழுத்துக்குப் பொறுப்பு. யார் ஜெயிப்பது என்று பேசி வைக்கலாம். ஓர் அங்குலம் பிசகாது என்று யார் பேசி வைக்க முடியும்? பிடியில் மாட்டினவன் வலி தாங்காமல் தரையைப் படபடவென்று தட்டினால், பிடித்தவன் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். விடுகிறவரைக்கும் கந்தப்பன் தலையணையை விட மாட்டார்.

இதைத் தெய்வாத்தாளிடம் அவர் சொன்னதில்லை. சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டி வரும். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மெஷின் ஓட்டுகிற மாஸ்டருக்கு அந்த மெஷினைக் கண்டாலே பயம். தொழில் பழகிய புதிதில், பக்கத்து மேசைக்காரரின் விரல் போனதை நேரில் பார்த்தவர் அவர். எண்பது அடுக்குத் துணியை ஒரே தள்ளலில் அறுக்கிற பிளேடுக்கு விரல் எம்மாத்திரம்? அந்தப் பயம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, எல்லோரிடமும் சிடுசிடுவென்று இருந்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

அவர் மேசையில் துணி பிடிப்பவர் சந்தனம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். காற்றை இழுக்கும் ஃபேனின் இரைச்சலும் முகத்தில் மாஸ்க்கும் இருப்பதால், மெஷின் ஓடும்போது அங்கே யார் கத்தினாலும் கேட்காது. பேச்செல்லாம் கையில்தான். துணி அடுக்கைச் சரிசெய்து கையை எடுத்ததும், சந்தனம் மேசையை அதிர இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டினால் ஓட்டலாம் என்று அர்த்தம். அந்த செக்‌ஷனில் எல்லா மேசைக்கும் அதுதான் வழக்கம்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது துணி நடுவில் சுருங்கியது. கந்தப்பன் பிளேடை நிறுத்தாமல் மெஷினை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அவசர ஆர்டர், அதுதான் காரணம். சந்தனம் இடது கையை அடுக்குக்குள் விட்டுச் சுருக்கத்தை நீவினார். நீவிவிட்டுக் கையை இழுத்தால் வரவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு, துணியைப் பிடித்திருந்த கிளிப்பில் மாட்டிக்கொண்டது. கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. பாவம், பதற்றத்தில் வலது கையால் மேசையைத் தட்டினார்.

நிறுத்தச் சொல்லித்தான் தட்டினார். ஆனால் அந்த மேசையில் தட்டினால் ஓட்டு என்றல்லவா அர்த்தம்? வெட்டுக் கோட்டின் மேல் கண்ணை வைத்திருந்த கந்தப்பன், இரண்டு தட்டு விழுந்ததும் மெஷினை முன்னால் தள்ளினார். மூன்றாவது தட்டு விழுந்தது. நான்காவது, ஐந்தாவது, படபடவென்று. சட்டென்று ஸ்விட்சை அணைத்தார். ஓட்டச் சொல்கிறவன் இப்படித் தட்ட மாட்டான், மாட்டிக்கொண்டவன்தான் தட்டுவான். துணியைப் புரட்டிப் பார்த்தால், பிளேடுக்கும் சந்தனத்தின் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம் இருந்தது.

எல்லோரும் கூடிவிட்டார்கள். மாஸ்டர் இல்லையென்றால் இன்றைக்குக் கை போயிருக்கும் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். சூப்பர்வைசர் தோளில் தட்டிக்கொடுத்தார். கந்தப்பனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் செருப்படியாக விழுந்தது. முதல் இரண்டு தட்டுக்கு என்ன செய்தார் என்பது அவருக்கல்லவா தெரியும்? பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். ஆனால் நாளைக்கும் அந்தக் கை இந்த மேசைக்கு வருமே!

டீ நேரத்தில் சந்தனத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மொதல் ரெண்டு தட்டுக்கு நானு மெஷின முன்னால தள்ளிட்டனுங்க, சந்தனம். அப்பறந்தான் நிறுத்துனேன். எனக்கு இந்த மெஷின்னாலே பயமுங்க, இன்னைக்கு நேத்தில்ல, இருவத்திரண்டு வருசமா. நீங்க வேற டேபிளுக்குப் போயிருங்க."

சந்தனம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"தள்ளுனது எனக்குத் தெரியாதா, மாஸ்டர்? உள்ள கெடந்தது என் கையில்லியா. பிளேடு காத்து விரல்ல பட்டுச்சி." பிறகு மெதுவாகச் சொன்னார். "பயப்படாத மாஸ்டர்மார்ட்டயும் வேல பாத்திருக்கேன். அவுக நிறுத்தியிருக்க மாட்டாக. நான் உங்க டேபிள்லயே இருக்கேன்."

சந்தனம் கறுப்புக் கயிற்றை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனார், துணியை நீவினார், கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். கந்தப்பன் ஸ்விட்சைப் போடவில்லை. மாஸ்க்கை இறக்கி, பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தொண்டை கிழியச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டுங்க."

சந்தனம் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். கந்தப்பன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.