வீட்டில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று கேட்ட டாக்டர்

“வாத்தியாரே, உங்க வீட்ல யாருக்காச்சும் இழுப்பு உண்டா?”

மண்டபத்தில் வாத்தியாராக இருந்த காலத்தில் நெஞ்சுவலி என்று போன என்னிடம் அவ்வூர் டாக்டர் சுலைமான் முதலில் கேட்டது இதைத்தான். வலி எனக்கு, வீட்டாரின் மூச்சிரைப்பைப் பற்றி இவருக்கு என்ன விசாரணை என்று தோன்றியது. போன வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது. இப்போது நான் இருக்கும் இராமநாதபுரத்தில் என் வாசலில் மீன் கூடையை இறக்கிய பிலோமினாள் விலை சொல்லாமல் நின்றாள்.

“சார், நம்ம டாக்டரு மவுத்தாயிட்டாக. நேத்து அடக்கம்.”

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், யாரையும் லேசில் நம்பமாட்டார். மாத்திரை விழுங்கியாயிற்று என்றால், “நாக்கத் தூக்கிக் காட்டு” என்பார். ஊரும் அவரை அதே சந்தேகத்தோடுதான் பார்த்தது.

தனுஷ்கோடி புயலில் அழிந்து சில வருடங்களுக்குப் பிறகு நெஞ்சுவலிக்கு ஒரு புது மாத்திரை வந்தது. எனக்கு ஒரு புட்டி கொடுத்தார். சாப்பிடத் தொடங்கியதும் நாடி மெதுவாகிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பேன். நெஞ்சை ஒரேயடியாக நிறுத்தப் பார்க்கிறாரோ? ஆனால் நடந்தால் வரும் வலி வரவில்லை.

பிலோமினாளின் கணவர் சூசைக்கும் அதே வலி, வலை இழுக்கும்போது. அவருக்குப் புட்டி கிடையாது. வேளாவேளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். தொழிலுக்குப் போக வழியில்லை. ஒருநாள் பிலோமினாள் என் வீட்டுக்கு வந்தாள்.

“எங்க மனுசர வச்சு மாத்திரையப் பரிட்ச பாக்குறாக சார். வாத்தியாருக்குன்னா புட்டி, எங்களுக்குன்னா ஒத்த மாத்திரையா? நாங்க என்ன களவாண்டு விப்பமா? நாளைக்கு அவுக கடலுக்குப் போறாக. ஒங்க புட்டியில நாலு குடுங்க.”

அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரையே கேட்டுவிடுவோம் என்று அழைத்துப் போய், அவள் என் மாத்திரையைக் கேட்டதைச் சொன்னேன்.

“குடுத்தீகளா?” என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இல்லை.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றவர் அவள் பக்கம் திரும்பினார். “ஒன் வீட்டுல அந்தோணியார் படத்துக்குக் கீழ என்ன இருக்கு?”

“மருந்துதான். அவரு காலடியில வச்சு எடுத்தாத்தான் கேக்கும்.”

“யாரு எடுப்பீக?”

“நோவு கண்டவுக எடுப்பாக. வீட்டு மருந்துதான?”

“ஒன் மக செலினுக்கு மூச்சு இழுக்கையில?”

“அவளும் அங்கனருந்துதான் எடுப்பா” என்றாள் பிலோமினாள். டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“பயமோ பாரமோ வந்தா ஒடம்புல அட்ரினலின்னு ஒண்ணு கெளம்பும். அத ஒரு வள்ளம்னு வச்சுக்க. இருதயத்துத் துறையில வந்து கட்டுச்சுன்னா, ஓடு ஓடுன்னு வெரட்டும். சூசைக்கு இருதயத்துக்கு ரத்தம் போற வழி குறுகிக் கெடக்கு. அந்த ஓட்டம் தாங்காமத்தான் வலிக்குது. இந்த மாத்திரை முந்திப் போயி அந்த எடத்துல கட்டிக்கிரும். பின்னால வர்ற வள்ளத்துக்கு எடமிருக்காது.”

“அப்ப நல்லதுதான?”

“மூச்சுக்குழாய்லயும் அந்த மாதிரி துறை இருக்கு. அங்கன அந்த வள்ளம் வந்து கட்டுனாத்தான் குழாய் விரியும். செலின் இந்த மாத்திரையத் தின்னு அந்த எடமும் அடைபட்டா, புள்ள மூச்சுக்கு எங்க போகும்?”

பிலோமினாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

“நீங்க எங்கள நம்புனீகளா?”

டாக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மேசையைத் துழாவி ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து, மாத்திரைகளைப் போட்டுக் கயிறு கோத்தார்.

“சூசையக் கழுத்துல போட்டிருக்க சாமி உத்தரியக் கயித்தோட சேத்துக் கட்டிக்கிறச் சொல்லு. கரையோரத் தொழில் மட்டும் பாக்கட்டும். டப்பா படத்துக்குக் கீழ எறங்குனா இங்கன வராத.”

“குளிக்கையில?”

“கூரையில மாட்டு. பொழுதுக்கும் கேள்விதான் ஒனக்கு!”

இரத்தக்கொதிப்புக்கும் சிலவகைப் படபடப்புக்கும் இந்த மருந்து உதவும் என்று பின்னொரு நாள் எனக்குச் சொன்னார். அப்போதும் முதலில் இழுப்பைப் பற்றித்தான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, செலின் எப்படி இருக்கிறாள் என்று பிலோமினாளிடம் கேட்டேன்.

“இழுப்பு வரும் போகும் சார். புள்ளைக்கு மாப்பிள்ள பாக்குறோம். நேத்து டாக்டரத் தூக்கையில எங்க மனுசரும் தோள் குடுத்தாக. டப்பா நெஞ்சுல ஆடிக்கிட்டே போச்சு.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். என் புட்டியிலிருந்து யார் மாத்திரை கேட்டாலும் அதைக் கேட்கிறேன், இல்லை என்றாலும் கொடுப்பதில்லை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் மருந்து வைக்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொரு புட்டியிலும் அது யாருடையதோ அவர் பெயரை எழுதி ஒட்டுங்கள்.