துரைசானியின் பைக்குள் ஒரு முண்டாசு

வேலூர் துரைசானிக்காக எங்கள் பட்டறையில் தைத்த தோல் கைப்பையை நான்தான் எடுத்துப் போனேன். ஆம்பூரில் ரயில் ஏறுவதற்குள் மழையில் நன்றாக ஊறிவிட்டது. வேலை போய்விடுமே என்ற நடுக்கத்தில், வெயில் வந்ததும் பையை ஜன்னலில் பிடித்தேன்.

எதிரே இருந்தவர் வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். தோல் பதனிடுகிறவர் என்பதை ஆவாரம்பட்டைச் சாறு ஏறிய நகங்களே சொல்லின. எதைத் தொட்டாலும் மோந்து பார்ப்பார். தன் டிக்கெட்டைக்கூட மோந்துவிட்டுத்தான் பரிசோதகரிடம் கொடுத்தார்.

“இன்னாய்யா, தோலை அப்பளமாக்கப் பாக்கிறியா? வெயில் பட்டா வெறச்சு வெடிச்சுப்பூடும். உள்ள துணி அடைச்சு நெழல்ல வையி.”

“துணிக்கு நான் எங்கய்யா போறது?”

தன் முண்டாசை அவிழ்த்து உள்ளே திணித்தார். துவண்டு கிடந்த பை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“பை தேறிக்கும். உன்னியத்தான் காயவைக்கணும், இப்டி வேர்த்துக் கொட்டுதே.”

விரிஞ்சிபுரத்தில் அவர் எழுந்தபோது முண்டாசை உருவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “முழுசா காயற வரிக்கும் அதைத் தொடாதே.”

வெறுந்தலையோடு இறங்கி நடந்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் நன்றாகக் காய்ந்ததும் முண்டாசை எடுத்துவிட்டுப் பையைக் கொடுத்தேன்; துரைசானி ஒரு குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். முண்டாசை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் இன்றைக்கும் என் கவலை.